மொரப்பா கரையும் வரை

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் கிளம்பும் முன்பே இஞ்சி மொரப்பா விற்பவர் ஏறிவிட்டார். நீயும் நானும் தினமும் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போன அதே வண்டிதான். வாங்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே அந்தக் கார வாசம் மூக்கில் ஏறியது. கண் கலங்கியதைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மா, இஞ்சியின் காரம் என்று நினைத்திருப்பார். ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நம் வேலையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். குறிப்பெழுதும் ஆப்பை ஒருவர் கையில் கொடுத்து, ஏதாவது எழுதச் சொல்லிவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்ப்பது. விரல் எங்கே தயங்குகிறது, முகம் எங்கே சுருங்குகிறது என்று கவனித்துச் சென்னை ஆபீசுக்கு எழுதுவது. அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவே வராது. யாராவது திணறினால், "அக்கா, மேல பாருங்க, அந்த அம்புக்குறி" என்று குதித்துவிடுவேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

"ஏட்டி, நீ சொல்லிக் குடுத்துட்டா அவிய எங்க முழிக்காவன்னு நமக்கு எப்படித் தெரியும்? இந்தா, இத வாயில போடு. கரையுற வரைக்கும் மூச்சு விடப்படாது."

எனக்குத் துணையாக நீயும் ஒன்று போட்டுக்கொள்வாய். உப்பிய கன்னங்களோடு பக்கத்தில் இருந்த நம்மைப் பார்த்து, சோதனைக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

தளவாய்புரத்து அக்காவை நினைவிருக்கிறதா? நைட்டி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அளவுகளை எழுதி முடித்தவர், சேமிப்பதற்கான பட்டனைத் தேடினார். அப்படி ஒன்று அந்தத் திரையிலேயே கிடையாது. எழுதியதை ஆப் தானாகவே வைத்துக்கொள்ளும். அவருக்கு அது எப்படித் தெரியும்? போனைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், வெளியே வரவும் துணியாமல் வெகுநேரம் இருந்தார். கடைசியில் தன் சொந்த போனை எடுத்து, நம் போனின் திரையை போட்டோ பிடித்தார். என் வாயில் மொரப்பா இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் காட்சியே கிடைத்திருக்காது.

"எழுதுனது இருக்கா, போயிருச்சான்னு ஒரு வார்த்தை சொன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்ல?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நீ சென்னைக்காரர்களோடு மல்லுக்கு நின்றாய். 'சேமிக்கப்பட்டது' போதும் என்றார்கள் அவர்கள். "அந்த அக்கா என்னைக்காச்சும் அப்படிப் பேசுவாவளா?" என்றாய் நீ. திரையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'எழுதினது இருக்கு' என்று வந்தது. அந்த ஆப்பில் உன் கை பட்டது என்று நான் காட்டக்கூடியது அந்த ஒரு வரிதான்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, "எல்லாம் சரியாயிரும்ட்டி" என்று ஆரம்பித்தேன். நீ தலையணைக்கு அடியில் துழாவி, ஒரு மொரப்பாவை என் உள்ளங்கையில் வைத்தாய். நான் வாயில் போட்டுக்கொண்டேன். உன் கையைப் பிடித்தபடி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வரி இடத்தை அடைக்கிறதாம், எடுத்துவிடலாம் என்கிறார்கள். அது இல்லாத புதுத் திரையைச் சோதிக்கத்தான் இன்று கூப்பிட்டிருந்தார்கள். யார் வந்தது தெரியுமா? அதே அக்கா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவர் திணறினால் போதும், உன் வரி பிழைத்துக்கொள்ளும். மொரப்பாவை வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தடுமாறுங்களேன் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் மளமளவென்று எழுதினார். எழுதியதும் வெளியே வந்தார். போனை என் பக்கம் தள்ளிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

"எழுதுனது இருக்கான்னு பாக்கலையாக்கா?" இதைச் சோதனை முடிந்த பிறகுதான் கேட்டேன், நீ திட்டாதே.

"எங்க போயிரப் போவுது? தெனமும் இதுலதான எழுதுறேன், அது பாட்டுக்கு இருக்கும்" என்று சிரித்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "ஒங்கூட ஒரு பிள்ள இருக்குமே, கன்னத்த உப்பிக்கிட்டு. அது எங்க, இன்னைக்கு வரலையா?"

வாயில் மொரப்பா எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. ஆனாலும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு டீயை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அறிக்கையை அனுப்பிவிட்டேன். ஆசைப்பட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது என்பாயே, அப்படியே எழுதினேன். தடுமாற்றம் எதுவும் இல்லை, அந்த வரியை எடுத்துவிடலாம். பையில் மொரப்பாப் பொட்டலம் மிச்சமிருக்கிறது. நாளைக்கும் சோதனை உண்டு, உன் நாற்காலியை நான் இன்னும் நகர்த்தவில்லை.