மாமன் வர வேணும், கடல் விட வேணும்

யூன் 11, புதன்

வெக்கை. சிரோக்கோ காத்து, வாய்க்குள்ளை மண். பலெர்மோவிலை எங்கடை சீசாப் பக்கம் பஸ் வரேல்லை. துறைமுகம் மட்டும் நடை.

உஸ்திகாத் தீவிலை என்ரை முதலாளியின்ரை சாப்பாட்டுக்கடை. கோப்பை கழுவிறவன் கையை வெட்டிப்போட்டானாம், ரெண்டு நாளுக்கு வா எண்டு அழைப்பு. வெள்ளி பின்னேரம் திரும்பலாம். ஞாயிறு தங்கச்சி வசந்தியின்ரை இளையவள் அபிக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. நான் தாய்மாமன். பிள்ளையின்ரை தலையிலை பாலும் அறுகம்புல்லும் வைக்க வேண்டிய ஆள்.

வசந்தி போனிலை: "அண்ணை, கடலை நம்பிப் போறியள்."

"நெடுந்தீவாருக்குக் கடல் சொல்வழி கேக்கும்."

"மூத்தவளின்ரைக்கும் இதைத்தான் சொன்னியள்."

கதை சரி. மூத்தவளின்ரை நாளிலை நான் இதே தீவிலை மாட்டுப்பட்டனான். ஆல்பத்திலை என்ரை இடத்திலை மச்சானின்ரை ஒண்டுவிட்ட தம்பி கண்ணன், பல்லெல்லாம் காட்டிக்கொண்டு. வாற ஆக்களுக்கெல்லாம் வசந்தி அதைக் காட்டுவாள். எனக்கு ரெண்டு தரம். இந்த முறையும் வராட்டில் பிறகு வாசல்பக்கம் வர வேண்டாமாம். சிரிச்சுக்கொண்டு சொல்லேல்லை.

கொண்டு வர வேண்டியது:
அறுகம்புல் (சீசாப் புல்லெல்லாம் நாய் மூத்திரம்)
நான்

அலிஸ்காஃபோ. வேகப்படகு, பஸ் மாதிரி மூடிக் கட்டினது, ஒண்டரை மணித்தியாலம். பக்கத்துச் சீற்றிலை ஒரு சின்யோரா, தீவுக்காரி, மடியிலை நாய்க்குட்டி. பாதி வழியிலை அவவுக்குச் சத்தி. தீவுக்காரிக்குக் கடல் ஒத்துவராதோ எண்டு கேட்டன். நான் படகிலை பிறந்தனான் எண்டும் சொன்னன். (பிறந்தது ஆஸ்பத்திரியிலை.) நாயும் அவவும் ஒரே மாதிரிப் பார்த்தினம்.

யூன் 13, வெள்ளி

காத்து வடமேற்கு. அலிஸ்காஃபோ இல்லை. ரிக்கற் யன்னலிலை இருக்கிறவ: "தொமானி, ஃபோர்சே." நாளைக்கு, சில வேளை. அந்த ஃபோர்சேயை நல்ல சிரிப்போடை சொல்லுறா.

வெளிச்சவீட்டுப் பாதை ஓரம் புல்லுப் புடுங்கினன். ஈரத்துணியிலை சுத்திப் பிறிட்ஜிலை. முதலாளி: "இதென்ன, சலாடோ?" ஓம், மருமகளின்ரை தலைக்கு எண்டன். மேற்கொண்டு கேக்கேல்லை.

உடைஞ்ச தட்டு ஏழு. என்ரை கணக்கு ரெண்டுதான்.

யூன் 14, சனி

காத்து இன்னும் கூட. மூண்டு தரம் துறைக்குப் போய் வந்தன். மீன்பிடிக்காரன் ஒருத்தனைக் கேட்டன், வள்ளத்திலை பலெர்மோ கொண்டுபோய் விடுவியோ எண்டு. வலை தைச்சுக்கொண்டே சொன்னான்: "உன்னைக் கொண்டுபோவன். என்னை ஆர் திருப்பிக் கொண்டு வாறது?"

வசந்திக்கு நான் எடுக்கேல்லை. அவளே எடுத்தாள்.

"வெளிக்கிட்டியளோ?"

"விடியப் பெரிய கப்பல் போனாலும் போகும்."

பஞ்சாங்கம் புரட்டிற சத்தம். பிறகு: "நல்ல நேரம் பத்து இருவதிலை இருந்து பதினொண்டே கால். ஐயர் பிறகு நிக்க மாட்டார். கண்ணனை வேட்டியோடை வரச் சொல்லியிருக்கிறன்."

"அவன் போன முறை கட்டின வேட்டியையே இன்னும் தோய்க்கேல்லையாம்."

வைச்சிட்டாள். பகிடி எடுபடேல்லை.

கணவாய்ப் பொரியல். கடைப் பூனைக்குப் போட்டன்.

போனிலை அபியின்ரை குரல் வந்து கிடந்தது: "மாமா, தி ப்ரேகோ, கெஞ்சிக் கேக்கிறன், வாங்கோ. கண்ணன் சித்தப்பான்ரை கை ஒரே எண்ணெய்." நாலு தரம் கேட்டன்.

யூன் 15, ஞாயிறு

பின்னேரம் எழுதுறன். நிலம் இன்னும் ஆடுது.

விடிய ஆறரைக்குப் பெரிய கப்பல் வெளிக்கிட்டுது. மூண்டு மணித்தியாலம் எண்டினம். எடுத்தது மூண்டே முக்கால். படகிலை பிறந்தவன் கப்பலிலை செத்தான். முதல் கோப்பி, பிறகு பச்சைத்தண்ணி, பிறகு வயித்திலை ஒண்டுமே இல்லாமல். தந்த கடதாசிப் பை மூண்டும் முடிஞ்சு மிச்சம் சேட்டிலை. புல்லுப் பையை மட்டும் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

முன் சீற்றிலை அதே சின்யோரா, அதே நாய். அரை எலுமிச்சம்பழம் நீட்டினா, மணக்கச் சொல்லி.

"படகிலை பிறந்தனீர், என்ன?"

"இல்லை சின்யோரா. ஆஸ்பத்திரியிலை."

"அதுதானே பார்த்தன்."

இறங்க பத்து இருவது. டக்ஸிக்காரன் கதவைத் திறந்தான், மணந்தான், மூடினான். ஓட்டம். ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய றெயில் ஸ்ரேசன், அதுக்குப் பின்னாலை மண்டபம். பதினொண்டுக்கு அஞ்சு நிமிசம்.

மேடையிலை அபி, பாவாடை தாவணியோடை. பக்கத்திலை கண்ணன், புது வேட்டி, கையிலை பால் கிண்ணம். ஐயர் மணிக்கூட்டைப் பாக்கிறார். மண்டபத்துக்குள்ளை முதல் போனது என்ரை மணம், பிறகுதான் நான்.

வசந்தி இறங்கி வந்தாள். பையை வாங்கிப் பிரிச்சுப் பார்த்தாள். புல்லு பச்சையாத்தான் இருந்தது. சேலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்திக்கொண்டு என்ரை கையைப் பிடிச்சு இழுத்தாள், மேடைக்கு.

மேலையிருந்து அபி: "அம்மா, முதல் மாமாவுக்குத் தண்ணி வாருங்கோ. நான் பிறகு."

ஐயர் சிரிச்சுப்போட்டார். "கெதியா," எண்டார்.

பின்கதவுக்கு வெளியிலை வாளியும் செம்பும். வசந்திதான் வார்த்தாள், தலையோடை. "இது மூத்தவளின்ரைக்கு." ரெண்டாவது: "இது நேத்தையான் பகிடிக்கு." மூண்டாவதை மெல்லமா வார்த்தாள்.

கண்ணன் வந்து தன்ரை வேட்டியையும் சால்வையையும் அவிட்டுத் தந்தான். கீழை ஜீன்ஸோடை நிக்கிறான். அவனும் ஃபோர்சே எண்டுதான் கட்டிக்கொண்டு வந்தவன்.

பதினொண்டு பத்து. அபியின்ரை தலையிலை பாலும் புல்லும் வைச்சன்.

படம் எடுத்தது கண்ணன்.

யூன் 16, திங்கள்

மத்தியான அலிஸ்காஃபோ, திரும்பத் தீவுக்கு; கோப்பை கழுவிறவனின்ரை கை இன்னும் ஆறேல்லையாம். கடல் கண்ணாடி மாதிரி, ஒண்டும் தெரியாத பிள்ளை போலக் கிடக்குது. கபோச் சந்தையிலை எலுமிச்சம்பழம் ரெண்டு வாங்கினன். ஒண்டு அந்தச் சின்யோராவுக்கு.