முக்கிய நபர் விலகினால்

மார்ச் 3

வீட்டிலும் கம்பெனியிலும் என் கூட்டாளியான உங்களுக்கு,

போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடுகிறது, அதனால் கடிதம். நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது. வருத்தமோ கோபமோ எதுவும் தோன்றவில்லை.

சின்ன கம்பெனிகளுக்கான அரசு ஆராய்ச்சி நிதி மறுபடி அறிவித்திருக்கிறார்கள். கடைசி நாள் ஏப்ரல் 10. காயம் சீழ் பிடிக்குமுன்பே நிறம் மாறிக் காட்டும் நம் கட்டுத்துணிக்கு இதுவும் இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்யவேண்டியதுதான். சோதனை எனக்கு வரும். எழுத்து உங்களுக்குத்தான் வரும். உதவுவீர்களா?

உங்கள் வேதியியல்காரி

மார்ச் 9

அன்புள்ள வேதியியல்காரிக்கு,

"அவளே கூப்பிடறா, கிளம்பேன்டா" என்கிறாள் அக்கா. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அரசுத் தளத்தில் கம்பெனியைப் பதிவு செய். அதற்கே மூன்று வாரம் இழுப்பார்கள். விண்ணப்பம் எழுத உட்காருமுன் அந்த நிதியைக் கவனிக்கும் திட்ட அதிகாரியிடம் பேசி, நம் வேலை அவர்கள் தலைப்புக்குள் வருமா என்று கேள். போன தடவை கேட்காமல் போட்டு மூக்குடைபட்டோம். நானும் விளம்பரம் மாதிரி எழுதித் தொலைத்தேன். நமக்கு இன்னும் தெரியாதது என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்போம் என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். காயங்களுக்குக் கட்டுப்போடும் டாக்டர் ஒருவரிடம் ஆதரவுக் கடிதம் வாங்கு. எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

கூட்டாளி

ஏப்ரல் 2

அன்புள்ள கூட்டாளிக்கு,

பதிவு முடிந்தது. அதிகாரி அம்மா பொறுமையாகப் பேசினார். டாக்டரும் கடிதம் கொடுத்துவிட்டார். நீங்கள் திருத்திய பக்கங்கள் வந்தன. சிவப்பு மைக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு கேள்வி மட்டும் காலியாகக் கிடக்கிறது. 'முக்கிய நபர் ஒருவர் விலகினால் ஆய்வு என்ன ஆகும்?' நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன், கை வரவில்லை. அதை நீங்களே எழுதுங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டுவிடுகிறேன்.

வே.காரி

ஏப்ரல் 6

அன்புள்ளவளுக்கு,

இதைப் போடு:

'சோதனைகள் அனைத்தையும் வகுத்து நடத்துபவர் முதன்மை ஆய்வாளரே. மற்றவர் விலகினாலும் ஆய்வு ஒரு நாள்கூடத் தடைபடாது.'

உண்மை அதுதான். முதன்மை ஆய்வாளர் நீ, மற்றவர் நான். உன்மேல் கோபம் இல்லை. எதுவுமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான்

ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டதாகத் தகவலும் வந்தது. உங்கள் பதிலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அனுப்புமுன், விண்ணப்பத்தின் ஆட்கள் பட்டியலில் யாரைப் போடுவது என்று அதிகாரி அம்மாவிடம் கேட்டேன். "கூட யார் இருக்காங்களோ அவங்களை மட்டும் போடுங்கம்மா" என்றார். என் பெயரை மட்டும் போட்டேன். அழுகைகூட வரவில்லை.

இப்படிக்கு,
முதன்மை ஆய்வாளர்