சிவப்பு நிறம் மட்டும் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

மன்னிக்கவும். ஆங்கிலம் பழக என்று வாங்கிய நோட்டு இது. ஆறு பக்கத்தோடு நின்றுவிட்டது. மீதித் தாள்களில் வயிற்றுச் சமாச்சாரம் எழுதப்போகிறேன். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? நோட்டிடம்தான். வேறு யாரிடமும் இதைச் சொல்லிப் பழக்கமில்லை.

ஐந்து மாதமாக, வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. தினமும் இல்லை. வராத நாட்களில் மறந்துவிடுவேன். இன்று சாப்பாட்டு இடைவேளையில் டாக்டரிடம் போய்விட்டேன். பெண் டாக்டர், ஐம்பது வயதிருக்கும். "அது", "அந்த இடம்" என்று நான் சுற்றி வளைத்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன நிறம்மா? நல்ல சிவப்பா, கருஞ்சிவப்பா? தனியா வருதா, கலந்து வருதா?"

துணிக்கடையில் கேட்பது போல் கேட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடம் உண்டாம். கீழே இருந்து வந்தால் ஒன்று, மேலே இருந்து வந்தால் வேறு. பயந்துகொண்டே போனவள், பயத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பார்கள். அடுத்த புதன்கிழமை.

"வீட்ல யாருக்காவது இந்த மாதிரி உண்டா? அப்பாவுக்கு, அம்மாவுக்கு?"

"தெரியல டாக்டர்."

"கேட்டுட்டு வாங்க, முக்கியம். அன்னிக்குக் கூட ஒருத்தர் வரணும். தனியா அனுப்ப மாட்டோம்."

கேமராவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பாவிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது?

மார்ச் 4, புதன்

அம்மாவிடம் சொன்னேன்.

"அஞ்சு மாசமா? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்த? ஊர்ல இருக்கற மருந்துக்கெல்லாம் தப்புத் திருத்தற, உன் உடம்பைக் கவனிக்கத் தெரியல!"

அது என் வேலையைப் பற்றிய குத்தல். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைப் பிழைபார்க்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி. வங்கிப் படிவம், மின்வாரியக் கடிதம், தங்கையின் கல்லூரி விண்ணப்பம், எல்லாம் என் கையால்தான். படிவத்தில் கேட்காத எதையும் இந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

அம்மா அடுப்படியில் நின்றபடியே கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, உங்க பக்கம் யாருக்காவது ரத்தம் போறது, குடல்ல கட்டி, அப்படி ஏதாவது உண்டா? டாக்டர் கேக்கறாங்களாம்."

அப்பா பேப்பரைத் திருப்பினார். "எங்க பக்கம் அதெல்லாம் கிடையாது." இன்னொரு பக்கம் திருப்பினார். "புதன்கிழமைதான? நான் லீவு போட்டுக் கூட வரேன்."

இருபத்தேழு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். என் பட்டமளிப்பு விழாவுக்குக்கூட அரை நாள்தான் லீவு போட்டார்.

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரி கொடுத்த தாளை மூன்று முறை படித்தேன். இரண்டு எழுத்துப் பிழை. ஒரு கேள்வியும் இருந்தது, போன் செய்து கேட்டேன். (நானாக ஓர் இடத்துக்குப் போன் செய்தேன்!) முந்தின நாள் பால் கலக்காத டீ, சர்க்கரைத் தண்ணீர், வடிகட்டிய சூப், ஆப்பிள் ஜூஸ் எல்லாம் குடிக்கலாம். சிவப்பு நிறப் பானம் மட்டும் கூடாது. ஏன்?

"உள்ள பாக்கும்போது அது ரத்தமா ஜூஸான்னு எங்களுக்குக் குழம்பிடும்மா" என்றார் நர்ஸ்.

எவ்வளவு எளிமையான காரணம்! தாளில் போட்டிருந்தால் ஒரு வரிதானே ஆகும்?

மார்ச் 8, ஞாயிறு

இன்று முதல் கீரை, விதை, தோல், பருப்பு எதுவும் இல்லை. வெள்ளைச் சோறும் ரொட்டியும்தான். "அக்கா, உன் தட்டைப் பாத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்கிறாள் தங்கை.

மார்ச் 10, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். ஒரு பொட்டலம் பொடி, இரண்டு லிட்டர் தண்ணீர், கால் மணிக்கு ஒரு தம்ளர். எலுமிச்சையும் உப்பும் சோப்பும் சேர்ந்த ருசி. குளிரவைத்து உறிஞ்சுகுழலில் குடித்தால் பரவாயில்லை. முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு எழுந்து ஓடியவள்தான்.

வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. தங்கை கதவில் "நேரம் குறிப்பிட முடியாது" என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

உள்ளே உட்கார்ந்திருந்தபோது கூடத்தில் ஹாரன் மாமாவின் குரல் கேட்டது. அப்பாவோடு வேலை பார்க்கும் டிரைவர் அவர். ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். நாளைக்கு அப்பாவின் டியூட்டியை அவர்தான் பார்க்கிறார்.

"பாப்பாவுக்கு என்னப்பா?"

"வயிறு சரியில்ல. ரத்தம் போகுதாம்."

"அட, உன்ன மாதிரியே சூட்டு உடம்பு! இன்ஜின் மேல உக்காந்து நமக்கு ஏறின சூடு புள்ளைக்கும் இறங்கிடுச்சு பாரு. உனக்கு இன்னும் நிக்கலையா?"

"மெதுவாப் பேசுய்யா."

"என்னய்யா மெதுவா? டிரைவரா இருந்துட்டு ரத்தம் போகலன்னாதான் வெக்கப்படணும்!"

சிரித்தார். அப்பா சிரித்தது கேட்கவில்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11, புதன்

விடியற்காலையில் இரண்டாவது பொட்டலம். கடைசியில் வெளிர்மஞ்சளாக, தெளிவாக வர வேண்டும் என்று தாளில் இருந்தது. அப்படியே வந்தது. ஏதோ பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

பின்பக்கம் திறந்த அங்கி. இடதுபக்கமாகப் படுக்க வைத்தார்கள்.

"வீட்ல கேட்டீங்களா?" டாக்டர்.

"அப்பா இல்லைன்னு சொன்னார்."

பொய் இல்லை. அவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அதுதான் பொய்.

"டாக்டர், நானும் பாக்கலாமா?" — எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்! மயக்க மருந்தைக் குறைத்துக் கொடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார்கள். காற்றடைத்த மாதிரி வயிறு உப்பி, அவ்வப்போது பிடித்து இழுத்தது. ஆனால் திரையில்! ரோஜா நிறத்தில் ஈரமாகப் பளபளக்கும் ஒரு குகை. முக்கோணம் முக்கோணமாக மடிப்புகள். இருபத்து நான்கு வருஷமாக இது என்னோடு இருக்கிறது, இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். திடீரென்று ஒரு மடிப்பில் சின்னக் காளான் மாதிரி ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மெல்லிய கம்பிச் சுருக்கைப் போட்டு இறுக்கினார்கள். வலிக்கவே இல்லை. உள்சுவருக்கு வெட்டுவது தெரியாதாம்.

வலிக்காது. அதனால்தான் இத்தனை நாள் தெரியாமலே வளர்ந்திருக்கிறது.

அப்பா மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தார். "ரெண்டையும் எடுத்தாச்சு. என்ன வகைன்னு இருபதாம் தேதி தெரியும். இந்த வயசுல ரெண்டு இருக்குன்னா வீட்ல பெரியவங்களும் பாத்துக்கறது நல்லது. ரத்தம் போறவங்க யாராவது இருந்தா தள்ளிப்போடவே கூடாது."

"சரி டாக்டர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

அப்பா குளிக்கும்போது அவருடைய டியூட்டிப் பையைத் திறந்தேன். திருட்டுத்தனம்தான். துண்டுக்கு அடியில் மூலக் களிம்பு, நான்கு குழாய்கள். மூன்று கடைசி வரை சுருட்டிப் பிதுக்கியவை. ஒன்றில் தேதி முடிந்தே மூன்று வருஷம் ஆகிறது.

இந்தக் களிம்பின் தாளைப் போன வருஷம் நான்தான் பிழைபார்த்தேன். ஏழு நாட்களுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், ரத்தப்போக்கு நிற்காவிட்டால் மருத்துவரை அணுகவும். அதில் ஒரு கால்புள்ளியைத் திருத்தினேன்.

மார்ச் 13, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. "அது டிரைவருங்க எல்லாருக்கும் இருக்கறதுதாண்டி. சூடு. நீ போய் எதுவும் கேட்டு வைக்காத, அவருக்குச் சங்கடமாப் போயிடும்."

சங்கடம் பெரிதா? — பெரிதுதான். எனக்கு ஐந்து மாதம் அது பெரிதாக இருந்ததே.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிடும்போது இதையா பேசுவார்கள்?

மார்ச் 16, திங்கள்

பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். சே.

மார்ச் 18, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை என் நேரத்துக்கு அடுத்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். "யாருக்கு? என்ன பிரச்சினை?"

"எங்க அப்பாவுக்கு. பிரச்சினையை அவரே சொல்வார்."

சொல்வாரா?

மார்ச் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவின் பை என் மடியில் இருக்கிறது. அவர் உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிறது.

என் ரிசல்ட் வந்துவிட்டது. புற்று இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் பல வருஷம் கழித்து அதில் போய் முடியக்கூடிய வகை. எடுத்தாகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

வெளியே வந்து சொன்னேன். அப்பா கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதும் துடைத்தார், கண்ணையும் சேர்த்து. "அப்பாடா. கிளம்பலாமாம்மா?"

நான் கிளம்பவில்லை. உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார்.

"அப்பா, அடுத்த டோக்கன் உங்க பேர்ல வாங்கியிருக்கேன்."

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். கூச்சம் வந்தால் நான் செய்வதும் அதுதான்.

"எனக்கென்னம்மா... அது சூடு. சீட்டுச் சூடு."

"இருக்கலாம்ப்பா. சூடுன்னா டாக்டர் அதையே சொல்லட்டும்."

"அவங்க பொம்பளை டாக்டராச்சே."

"எனக்குக் கேமரா விட்டாங்களேப்பா, அப்ப உதவிக்கு நின்னது ஒரு ஆம்பளை."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்படியெல்லாம் பேசுகிற பெண்ணை இன்றுதான் பார்க்கிறார் போலிருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். அப்பா அசையவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டார்.

அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். இத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்ப்பா. நான் உள்ளயும் வரல. அவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. எத்தனை வருஷமா இருக்குன்னு குறைக்காம சொல்லுங்க."