வரைந்தவர் பெயரோடு போன பெட்டிசம்

லா சப்பல், பாரிஸ்
04.03.1986, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் இம்மாகுலேற்றுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது நீயும் மாமி அந்தோணியம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி வின்சன்ற்றும் சுகம். குளிர் இன்னும் விட்டபாடில்லை, அம்மாவுக்கு முழங்கால் உளைவு, வின்சன்ற்றுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் ரயில் எடுத்தால் பின்னேரம்தான் அவன் முகத்தைக் காணலாம். மற்றப் புதினங்கள் கிடக்கட்டும். அம்மா அந்தோனியார் பூசைக்குப் போயிருக்கிறாள், அவள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும், இதில் இருப்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டாள். மகள், நீ மன்னாரை விட்டு உடனே வெளிக்கிட வேண்டும். மாமியையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ச் சேர வேண்டும். இதற்கு மேல் வாசிக்க நேரமில்லையென்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடுப்பைக் கட்டு. ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா, காரணம் சொல்லாமல் ஒரு கதிரையை விட்டுக்கூட எழும்பாத பிள்ளை நீ. அதனால் காரணத்தை எழுதுகிறேன். காரணம் நான்தான்.

மன்னார் அரசாங்கக் கச்சேரி வாசலில் இருபத்தாறு வருடம் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதியவன் நான். காணித் தகராறோ பென்சனோ எந்த மனுவாக இருந்தாலும் கடைசி வரியில் வரைந்தவர் மடுத்தீன் என்று பெயரும் விலாசமும் போடாமல் ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. அதுதான் முறை, எனக்கு அது மானப் பிரச்சினையும்கூட. பெயரில்லாததை மொட்டைப் பெட்டிசம் என்று வாசிக்காமலே கூடைக்குள் போடுவார்கள் என்று உனக்குத் தட்டச்சுப் பழக்கிய காலத்திலேயே சொல்லிவைத்தேன், நீயும் அதை வேதப்பாடம்போலப் பிடித்துக்கொண்டாய். என்னைத் தேடி ஆமி வந்துபோனதும் எங்களை இங்கே அனுப்பிவிட்டு, நீ என் மேசையில் இருந்துகொண்டு, பிடிபட்டுப்போன பிள்ளைகளின் தாய்மாருக்காக எழுதத் தொடங்கினாய். எழுதியதை ஆட்கள் கையில் எனக்குக் கொடுத்துவிடுவாய், நான் இங்குள்ள அரசாங்கக் கந்தோர்களுக்குக் கொண்டுபோவேன். இதுவரை நாலு கட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு என்ன எழுதினேன்? என்னைக் கதிரையில் இருத்தி விசாரித்தார்கள், ஒரு அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது, மேலிடத்துக்கு அறிவிக்கிறோம் என்று கைகொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதினேன். அத்தனையும் பொய், மகள். ஒருவரும் என்னை இருத்தவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் முத்திரையைக் குத்தி வாங்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். உன் மனம் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்துப் பொய் எழுதினேன். நீ அதை அந்தத் தாய்மாருக்கு உரத்து வாசித்திருக்கிறாய். போன மாதம் நீ எழுதிய வரி எனக்கு மனப்பாடம். அவையளுக்குத் தெரிஞ்சிட்டுது அப்பா, இனி எங்களைக் கைவிடமாட்டினம், அதாலைதான் நான் இஞ்சை இருக்கிறன் என்று எழுதியிருந்தாய். என் பொய்யை நம்பித்தான் நீ அங்கே இருக்கிறாய்.

தெரிந்தால் வருவார்கள் என்று நானும்தான் நம்பியிருந்தேன், மாசி மாதம் வரைக்கும். ஒபர்வில்லியேயில் நான் உடுப்பு மடித்துப் பெட்டி கட்டுகிற தையல் பட்டறையில் சிமோன் என்று ஒரு யூதர் துணி வெட்டுகிறார், என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு, போலந்தில் பிறந்தவர், இரண்டாவது உலக யுத்த காலம் முழுவதும் லண்டனில் இருந்தவர். அதனால் இங்கிலிசு பேசுவார், என் கச்சேரி இங்கிலிசைக் கேட்டு நீ என்ன விக்டோரியா ராணிக்கா எழுதிக்கொண்டிருந்தாய் என்று பகிடி பண்ணுவார். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது உன்னுடைய பெட்டிசங்களைப் பற்றிச் சொன்னேன். பெட்டிசம் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் லண்டனில் இருந்தபோது செய்ததும் அதே வேலைதானாம். யூதருடைய ஒரு சங்கத்தில் எடுபிடியாக இருந்து, போலந்தில் ஊர் ஊராக யூதரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொல்கிறார்கள் என்று ஒளித்து வந்த செய்திகளைத் தட்டச்சுப் பண்ணி மந்திரிமாருடைய கந்தோர்களில் கொடுப்பாராம். அதில் ஒரு தாளில் அவருடைய அக்கா எஸ்தரும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்த ஊரின் பெயரும் இருந்ததாம். கந்தோரில் இருந்தவர்கள் கெட்டவர்களில்லையாம், மழையில் நனைந்து வந்திருக்கிறாயே என்று தேத்தண்ணி கொடுத்தார்களாம். நாற்பத்திரண்டாம் வருடம் மார்கழியில் பார்லிமெந்தில் விசயத்தை வாசித்துச் சொல்லி, எல்லாரும் எழும்பி மௌனமாக நின்றார்களாம். சிமோன் அன்று தெருவில் நின்று அழுதாராம், தெரிந்துவிட்டது, இனி அக்காவைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று. நீ எழுதிய அதே வரி. ஒருவரும் காப்பாற்றவில்லை. யுத்தம் முடிந்த பிறகு விசாரித்தால், பார்லிமெந்து எழும்பி நின்ற நாளில் அக்காவும் பிள்ளைகளும் உயிரோடு இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்திருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய ராச்சியங்கள், அவ்வளவு கப்பல், அவ்வளவு விமானம், ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நான் அவரிடம் சண்டைபோடுகிறமாதிரிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, நாற்பது வருடமாக யோசித்து ஆறிப்போனவர்போலச் சொன்னார். முதலில் நம்பவில்லையாம், முந்திய யுத்தத்தில் இப்படிக் கேட்ட கதைகளில் சிலது பொய்யாகப் போனதால் இதுவும் மிகைப்படுத்தல் என்றார்களாம். நம்பிய பிறகு, சண்டையை வெல்வதுதான் உங்களைக் காப்பாற்றும் வழி, அதுவரை பொறுங்கள் என்றார்களாம். பொறுத்திருக்க அங்கே ஆள் மிஞ்ச வேண்டுமே. எதிரி உண்மையாகவே அவர்களை விட்டுவிட்டால் இத்தனை பேரையும் எங்கே வைத்திருப்பது என்பதுதான் சில பெரியவர்களுடைய உண்மையான பயமாம். அமெரிக்காக்காரனுக்குத் தன் நாட்டில் வேலைக்குப் போட்டி வரும் என்ற பயம், இங்கிலிசுக்காரனுக்குப் பாலஸ்தீனத்தின் கதவைத் திறந்தால் அரபுக்காரர் குழம்புவார்கள் என்ற பயம், யூதருக்காகவா எங்கள் பிள்ளைகள் சாகிறார்கள் என்று சொந்தச் சனம் கேட்டுவிடுமோ என்ற பயம் இரண்டு பேருக்கும். யூதரைப் பிடிக்காதவர்களும் அந்தக் கதிரைகளில் இருந்தார்களாம். கடைசி வருடத்தில் இவர்களுடைய விமானங்கள் யூதரைக் கொன்ற கொலைக்களத்துக்குச் சில மைல் தள்ளி இருந்த தொழிற்சாலையைக் குண்டு போட்டு உடைத்தனவாம், ஆனால் சனத்தை ஏற்றி வந்த ரயில் பாதையை உடைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, விமானங்களுக்கு வேறு முக்கிய வேலை இருக்கிறது என்று பதில் வந்ததாம். உன்னைச் சாகச் சொல்லி ஒருத்தனும் சொல்லமாட்டான், அன்றைக்கு அவனுக்கு வேறு வேலை இருக்கும், அவ்வளவுதான் என்றார். நான் மிச்சச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். அந்த எதிரியோடு பெரிய சண்டையில் மோதிக்கொண்டிருந்தவர்களே அப்படியென்றால், எங்களுக்காக ஒருவரோடும் சண்டையில்லாத இந்த நாடுகள் என்ன செய்யும்? ஒன்றை மட்டும் முகம் தெளிந்து சொன்னார். டென்மார்க்கில் இருந்த யூதர் ஏழாயிரம் பேர் தப்பினார்களாம். மந்திரிமார் அனுப்பிய கப்பலில் இல்லை, மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் வள்ளங்களில் ஏற்றி எங்கள் கடல்போன்ற ஒரு சின்னக் கடலைக் கடத்திச் சுவீடனில் இறக்கிவிட்டார்களாம், வாருங்கள் என்று சுவீடன் சொன்னதாம். பெட்டிசத்துக்குப் பதில் வரும்வரை இருந்தவர்கள் தப்பவில்லை, வள்ளம் ஏறியவர்கள் தப்பினார்கள்.

அந்தக் கிழமைதான் நீ கொடுத்துவிட்ட ஐந்தாவது கட்டு வந்தது, பத்தொன்பது பேருடைய பெயரும் தாய்மாரின் கைநாட்டும், ஒவ்வொரு தாளின் அடியிலும் வரைந்தவர் இம்மாகுலேற் மடுத்தீன் என்று உன் பெயரும் வீட்டு விலாசமும். கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மூன்று கிழமை வைத்திருந்தேன். நேற்று சிமோன், மகளின் கடதாசிகளைக் கொடுத்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் துணியை மேசையில் விரித்துக்கொண்டே, மாட்டோம் என்று சொன்னவர்களைக்கூட நான் மன்னித்துவிட்டேன், வந்த செய்தியை மேலே அனுப்பாமல் வைத்துக்கொண்டவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை என்றார். எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. பட்டறையில் லீவு சொல்லிவிட்டு இன்று காலை கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். இந்தத் தடவை கண்ணாடிக்குப் பின்னால் புதிதாக ஒரு இளம் பெண். மகள், உனக்குப் பொய்யாக எழுதியதெல்லாம் இன்றைக்கு உண்மையாக நடந்தது. கதிரையில் இருத்தினாள், ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள், இங்கிலிசில் கேள்வி கேட்டாள், பெயரும் விலாசமும் ஒழுங்காக இருப்பதால் இதில் நடவடிக்கை எடுக்கலாம் என்றாள். இருபத்தாறு வருடம் பெட்டிசம் எழுதியவனுக்கு அதைவிட என்ன வேண்டும், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என்ன நடவடிக்கை என்று கேட்டேன். முழுக் கட்டையும் பிரதி எடுத்து வெள்ளிக்கிழமைத் தபால் பையில் கொழும்புக்கு அனுப்பி, உங்கள் அரசாங்கத்திடமே விளக்கம் கேட்போம் என்றாள். நான் நன்றி சொன்னேன். நன்றி சொல்லி, தலைகுனிந்து கும்பிட்டு, வெளியில் வந்தேன்.

ஸ்டாலின்கிராட் என்கிற மெத்ரோ ரயில் நிலையப் படியில்தான் எனக்கு உறைத்தது. கொழும்புக்கு. உன் பெயரோடு, விலாசத்தோடு. ஆமி உன்னைத் தேடி வருவதற்கு நானே வழி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனேன். அந்தப் பிள்ளை சாப்பிடப் போய்விட்டது, இருந்தவர் பதிவு எண் விழுந்த கடதாசியைத் திருப்பித் தர முடியாது என்றார். அடி வரியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன், என் பிரெஞ்சு அவருக்கு விளங்கவில்லை, விளங்கியிருந்தாலும் என்ன செய்திருப்பாரோ தெரியாது. கோபமாக இல்லை, எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். சிமோனுக்குக் கொடுத்த தேத்தண்ணி ஞாபகம் வந்தது. இப்போது வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். வாசல் மணி அடித்தால், இங்கே என்னை ஒருவரும் பிடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், இந்தத் தாளை ஒளிக்கிறேன்.

பேசாலைப் பக்கத்து ஸ்ரனிஸ்லாஸ் தன் தாயின் முப்பத்தோராம் நாள் பூசைக்காக வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். வழி திறந்திருந்தால் ஞாயிறு பின்னேரம் உன்னிடம் வந்துவிடுவார், அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். பை முந்துமா அவர் முந்துவாரா என்று எனக்குத் தெரியாது. நீ கேட்கப்போகும் கேள்வி தெரியும், இந்தத் தாய்மாருக்கு ஆர் எழுதிறது என்று. நான் எழுதுகிறேன். என்னிடம் எல்லாக் கட்டின் பிரதியும் இருக்கிறது, மாதாமாதம் கொண்டுபோவேன், இனிமேல் அடியில் என் பெயரும் இந்த லா சப்பல் விலாசமும் இருக்கும். ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே கொடுப்பேன், தெரியாது என்று பிறகு அவர்கள் சொல்லக் கூடாது. தாய்மாரிடம் உண்மையைச் சொல்லு, மடுத்தீன் பொய் எழுதினான் என்றே சொல்லு, என்னைத் திட்டட்டும். வள்ளம் கிடைக்கும்வரை ஒரு இரவும் வீட்டில் படுக்காதே, கன்னியர் மடத்தில் கேட்டுப் படு. தட்டச்சு யந்திரத்தைத் தூக்காதே, அடையாள அட்டையையும் மாமியின் பிரசர் குளிசை மருந்தையும் எடு. மாமி வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், அண்ணன் காலில் விழுந்து கேட்டதாகச் சொல்லு.

மரியாயின் கரம் உங்கள் இருவரையும் கடலில் மூடிக் காக்கட்டும், நீ ஏறும் வள்ளத்துக்குக் காற்று இணங்கட்டும், உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன். ஸ்ரனிஸ்லாஸிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வாங்கி வரக் கூடாது, நீ வள்ளத்தில் ஏறினதைத் தன் கண்ணால் கண்டுவந்து எனக்குச் சொல்ல வேண்டும். எழுத்துப் பழக்கிய அப்பனே கேட்கிறேன், இதற்குப் பதில் எழுதாதே மகள், எழுத இருக்கிற நேரத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள். போ.

உன் அப்பா,
மடுத்தீன்