மூணாவது ஒயர்

ஏனுங்க,

அக்காவுக்குக் கண் ஆபரேஷன், சேலம் போறேன். களியும் கீரையும் மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, எழுப்பலை. எழுப்பினாலும் நான் பேசப்போறதில்லை.

நேத்து லேப்டாப்ல, நீங்க குண்டைப் பாத்துச் சொல்ல, நான் புஸ்தகம் பாத்து எதை வெட்டணும்னு சொல்ற அந்த வெடிகுண்டு கேம்ல குண்டு வெடிச்சதுக்கு, "உனக்குப் புஸ்தகம் பாத்துச் சொல்லத் தெரியலை"ன்னீங்க. மூணாவது ஒயரை வெட்டச் சொல்லித்தான் அதுல போட்டிருந்துச்சு. எஸ்டேட்ல காப்பிச் செடி வரிசையைக் கீழ்ப்பாதையிலிருந்து எண்ணுற பழக்கத்துல, ஒயரையும் கீழேயிருந்து எண்ணி வெட்டினது நீங்க.

இனிமே மொத்தம் எத்தனை ஒயர், மேலேயிருந்து என்னென்ன கலருன்னு முதல்ல சொல்லுங்க. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டு வெட்டுங்க. "அட, அதுதான்"னு கத்துனா, ஸ்கிரீனைப் பாக்காத எனக்கு எதுன்னு எப்படித் தெரியும்?

எங்கிருந்து எண்ணணும்னு நானும் சொல்லலை. அது என் தப்பு.

மத்தியானம் கேஸ் சிலிண்டர் வரும். வாங்கி வைங்க.

ராணி

புஸ்தகம் என் பையில இருக்கு. ஆஸ்பத்திரியில சாயங்காலம் நொம்ப நேரம் சும்மாதான் உக்காந்திருப்பேன், போன் போடுங்க.

லேப்டாப் அலமாரியில மூணாவது தட்டுல. கீழேயிருந்தே எண்ணிக்குங்க.