நீ வாசித்த ராஜா கதை

பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவளுக்கு,

மருமகள் கோலாலம்பூரிலிருந்து வரும்போது ஒரு தடித்த நாவல் வாங்கி வந்தாள். பெயரைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோட்டத்தில் நீ எனக்கு வாசித்த பிரதிக்குத்தான் அட்டையே கிடையாதே. சும்மா நடுவில் புரட்டினேன். படத்தில் நெற்றிப்பட்டம் கட்டிய அந்த யானை நின்றது. உன் குரல் அப்படியே காதில் விழுந்தது.

பதினொரு நாளில் படித்து முடித்தேன். ஆமாம், நானேதான். என் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் எழுத்துக் கூட்டப் பழகியபோது நீ கேலி செய்தாயே, "கெழவியானதும் கண்ணாடி போட்டுக்கிட்டு ராஜா கதை படிக்கப் போறா பாரு" என்று. அப்படியே நடந்தது. ஆனால் ஏமாந்துபோனேன். ராணியின் ஒட்டியாணத்துக்கு மூன்று பக்கம். ராஜா குதிரையில் ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம். அந்த அரண்மனையில் உலை வைத்தது யார், தண்ணீர் சுமந்தது யார் என்று எழுதியவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. நானோ முதல் பக்கத்திலிருந்தே நீ வாசித்த கதையில் கோட்டைக் காவலுக்கு வேலோடு நின்ற அந்த வேல்காரனின் பெண்டாட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்த நம் ரப்பர் தோட்டத்து லயவீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாளியைக் கவிழ்த்து, தலைத்துணியை உதறிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் காட்டுக்கு அரிசி கொடுத்தார் என்று யாரோ சொல்ல, அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணையும் இல்லை, எப்போது விடுவார்கள் என்ற பேச்சும் இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் ஒரு குழந்தை.

பட்டையைக் கீறி மரம் வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்கில் பால் சேரும்வரை காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் முன்பெல்லாம் நாம் பசியாறும் நேரம். சோறு இல்லாமல் சும்மா உட்கார்ந்தால் நான் அழுவேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மா தூக்கிப்போட வைத்திருந்த புத்தகத்தை ஒருநாள் நீ வாளியில் போட்டுக் கொண்டுவந்தாய். கேட்டில் மலாய்க் கான்ஸ்டபிள் புரட்டிப் பார்த்து, கிரீடம் வைத்த படத்தைக் காட்டி "ராஜா?" என்று கேட்டுச் சிரித்து விட்டுவிட்டான். வீட்டு ஜெபத்தில் பைபிள் வாசிக்கும் அதே குரலில் நீ ஆரம்பித்தாய்.

கோட்டைக் கதவைப் பகைவனுக்குத் திறந்தான் என்ற பொய்ப்பழியில் சிறைக்குப் போன வேல்காரன். தினமும் சோற்றுப் பானையோடு சிறை வாசலில் நிற்கும் அவன் பெண்டாட்டி. காவலர்கள் பானைக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். அந்த இடத்தில் நான் ராஜாவைத் திட்டிய திட்டு, நம்மை வேலை வாங்கிய மண்டோர் காதுவரை எட்டியது.

"அவன் வந்தானா?" தினமும் கேட்பேன்.

"இன்னும் பக்கம் இருக்குலா. பொறு புள்ள."

ஒரு மழை மாதத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. "இந்த யானப் படம் முன்னாடியே வந்துச்சே?"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதே யானதான். வயசாயிருச்சு."

நம்பினேன். தந்தம் கொஞ்சம் தேய்ந்திருப்பதாகக்கூட எனக்குப் பட்டது.

ஒன்றரை வருடம் கழித்து என் வீட்டுக்காரர் கேட்டருகே லோரியிலிருந்து இறங்கினார், பாதி ஆளாக. மறுநாள் காலை உன்னிடம் சொல்ல ஓடிவந்தேன். நீ புத்தகத்தை மூடினாய். "அவனும் வந்துட்டான் புள்ள. கதை முடிஞ்சிருச்சு." அதற்குப் பிறகு நீ அதைத் திறக்கவே இல்லை.

இப்போதுதான் தெரிகிறது. இந்தப் புத்தகத்தில் வேல்காரனுக்குப் பெண்டாட்டியே இல்லை. அவனுக்கும் கடைசியில் ஒரே ஒரு வரிதான்: பொழுது சாயுமுன் துரோகியின் தலை உருண்டது. எனக்கு வாசிக்கத் தொடங்கும் முன்பே நீ அந்த வரியைப் படித்திருப்பாய். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய கதையை, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டி, வெறும் வயிற்றோடு, தொண்டை வறள, ஒன்றரை வருடம் அவனைச் சாகவிடாமல் வைத்திருந்தாய். உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை; எதற்கென்று தெரிந்தால்தானே. நீ போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆன பிறகு சொல்கிறேன். அந்த நாட்களில் என்னைப் பிழைக்க வைத்தவள் நீதான்.

இன்று காலை பசியாற ரொட்டி வைத்துவிட்டு, "கதை எப்படி அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"பாதிய காணோம்லா" என்றேன். அவளை உட்காரவைத்து, காணாமல்போன பாதியைச் சொன்னேன். ரொட்டி ஆறிப்போனது. அவள் புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்துக் காட்டினாள். "இங்க செத்துட்டான்னு போட்டிருக்கே அத்தை."

போட்டிருக்கட்டும். அவன் வந்துவிட்டான். நீ வாசித்ததை என் காதால் கேட்டேன்.