மருந்துத்தூள் டின்னுக்குள் போன கரி டப்பா

இன்று காலை என் மனைவி சுக்கும் மிளகும் வறுத்து இடித்தாள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் மகளுக்குப் பத்திய மருந்து. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பேத்தியின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது உன் மூஞ்சி, கூட்டாளி. செத்தும் விடமாட்டேன் என்கிறாய்.

இதே மகள் பிறந்த எண்பதுகளில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தை விட்டு, பத்தாங் பெர்ஜுந்தையில் இந்தச் சிமெண்டு வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. லயத்தில் பலகை இடுக்கெல்லாம் காற்று. இங்கே என் மாமியார், தாயையும் பிள்ளையையும் பின்னறையில் போட்டு, ஜன்னலைச் சாத்தி, அதற்கு மேலிருந்த காற்றுத் துளைகளிலும் பழைய கைலியைத் திணித்துவிட்டார். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாதாம். மாமியாரிடம் எதிர்த்துப் பேசும் வீரம் எனக்கு அன்றும் இல்லை, என்றும் இருந்ததில்லை.

அப்போதுதான் நீ வந்து சேர்ந்தாய். கோலாலம்பூரில் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். என்னோடு லயத்து வாசலில் கோலி உருட்டியதெல்லாம் மறந்துபோய், பெரிய விஞ்ஞானி மாதிரி வெடித்த தரையைக் குனிந்து பார்த்தாய்.

“டேய், இது பழைய ஈயச் சுரங்கத்து மண்ணுடா. இதுக்குள்ளேர்ந்து ரேடான்னு ஒரு வாயு வரும். நெறமும் இல்ல, வாசமும் இல்ல. நாளைக்கே ஒன்னும் ஆவாது லா. வருசக்கணக்கா உள்ள இழுத்தா நுரையீரலுக்குக் கேடு. புள்ள படுக்குற ரூமு, அளந்து பாத்துருவோம்.”

அந்த வாயுவைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய தட்டை டப்பா ஒன்றைக் கட்டிலருகே திறந்து வைத்தாய். இன்னொன்று வெளியே தாழ்வாரத்தில். சில நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்றாய். தொடாதே என்றால் எங்கள் வீட்டில் தொடுவார்கள் என்பது உனக்குத் தெரியாதா?

டப்பாக்களை எடுத்துப் போய் ஆய்வுக்கூடத்தில் அளந்து, முடிவோடு நீ திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்றிருந்தது. “வெளியில இருக்கறதவிட அடைச்ச ரூமுல கம்மி! எப்படிடா? கரியில வேற சுக்கு வாசம் அடிக்குது!”

மாமியார் அடுப்படியிலிருந்து சாவகாசமாகச் சொன்னார்: “பச்சப்புள்ள தலமாட்டுல கரிய வைப்பாங்களா தம்பி? மருந்துத்தூள் டின்னுல போட்டு மூடி வெச்சேன். நீங்க எடுத்துட்டுப் போவ வந்த அன்னிக்கு மறுபடி அங்கேயே வெச்சிட்டேன்ல?”

நீ தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாய். இந்த முறை அளவு கூடுதலாகவே வந்தது.

“தர வெடிப்ப நான் பூசித் தர்றேன். மேல இருக்கற துணிய மட்டும் எடுங்கம்மா. வாயு வெளிய போவணும்.”

“வாயு வாயுங்கறீங்களே, கண்ணுக்குத் தெரியுதா?”

“நீங்க பயப்படுற காத்து மட்டும் தெரியுதாம்மா?”

என் மாமியார் இன்னொருவர் சொல்லைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கைலி இறங்கியது. கட்டில் முன்னறைக்கு, காற்று நேராகப் படாத மூலைக்கு நகர்ந்தது. வெடிப்பையெல்லாம் நீயே மண்டியிட்டுப் பூசினாய். திரும்ப அளந்ததில் நன்றாகக் குறைந்திருந்தது. அந்தக் குஷியில் வாசலுக்குப் போய் என்ன செய்தாய்? சிகரெட்டைப் பற்றவைத்தாய்.

மாமியார் விடுவாரா? “தம்பி, இப்ப உள்ள போவுதே, அது பன்னீரா?”

“இது கண்ணுக்குத் தெரியுதுல்லம்மா!” என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். அந்த வாயுவும் புகையும் சேர்ந்தால் கேடு இன்னும் கூடும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே நீதானே, மடையா! கடைசியில் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபோதும் ஜன்னலைக் காட்டித் திறக்கச் சொன்னாய். ஏசி அறை. அது திறக்காத கண்ணாடி. நானும் தள்ளிப் பார்த்தேன்.

இப்போது மகளின் அறைக்கும் ஏசி. என் மனைவி, அச்சு அசல் அவள் அம்மாவேதான், கதவிடுக்கில் துண்டைத் திணிக்கிறாள். நான் போய் ஜன்னலைத் திறக்கிறேன். “கொசு வரும், உங்களுக்கென்ன கிறுக்கா?” என்று சாத்துகிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி திறக்கிறேன். பேத்தி கொட்டாவி விட்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறது. உனக்குக் கிடைக்காத மூச்சு அது, டேய்.